கேபிள்காரர் இணையக்காரர் ஆன கதை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டு இணையக் கட்டணம் குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்துவிட்டு எழுதிய வாசகர்களில் பலர், பிள்ளைகள் அமெரிக்காவில் குடியிருக்கும் பெற்றோர்கள். அவர்கள் அனைவருமே காம்காஸ்ட் என்ற ஒரே நிறுவனத்தைப் பற்றிக் கேட்டிருப்பதால், இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கும் என் மகள் இணையத்துக்கு மாதந்தோறும் காம்காஸ்ட் நிறுவனத்துக்குப் பணம் கட்டுகிறாள். ஆனால் ரசீதில் எக்ஸ்ஃபினிட்டி என்று போட்டிருக்கிறது. அது கேபிள் டிவி நிறுவனம் என்கிறார்கள். அவள் வீட்டிலோ டிவி இணைப்பே இல்லை. இதை எப்படிப் புரிந்துகொள்வது? (வாசகி, கும்பகோணம்)

பதில்: எக்ஸ்ஃபினிட்டி என்பது காம்காஸ்ட் தன் கேபிள், இணையம், தொலைபேசிச் சேவைகளுக்கு 2010-இல் சூட்டிய விற்பனைப் பெயர். நிறுவனம் ஒன்றுதான். தங்கள் மகளைப் போல, டிவி வேண்டாம், இணையம் மட்டும் போதும் என்பவர்களே இன்று அதன் வாடிக்கையாளர்களில் மிகுதி. 2015-ஆம் ஆண்டிலேயே அதன் இணையச் சந்தாதாரர்களின் எண்ணிக்கை டிவி சந்தாதாரர்களின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது. டிவி பார்ப்பதற்காகத் தெருவெங்கும் இழுத்த கம்பி வீட்டு வாசல்வரை ஏற்கெனவே வந்திருந்ததால், டிவி பார்ப்பது குறைந்த பிறகும் அந்தக் கம்பிக்கு வேலை குறையவில்லை. அந்தக் கம்பி எப்படி வந்தது என்பதை அடுத்த கேள்விக்கான பதிலில் காணலாம்.

கேள்வி: இந்த நிறுவனத்தைத் தொடங்கியவர் யார்? எந்த ஆண்டில், எந்த ஊரில்? (வாசகர், விருதுநகர்)

பதில்: நிறுவனத்தின் கதைக்கு முன்னால் கேபிளின் கதையைச் சொல்லியாக வேண்டும். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்காவில் டிவி பெட்டிகள் வேகமாக விற்பனையாயின. ஆனால் அலைவரிசைகளை எப்படிப் பங்கிடுவது என்பது தீராததால், மத்தியத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, 1948 முதல் 1952 வரை புதிய நிலையங்களுக்கு உரிமம் வழங்குவதையே நிறுத்தி வைத்தது. பெருநகரங்களில் இருந்தவர்களுக்குப் படம் தெரிந்தது. மலைக்கு மறுபக்கம் இருந்தவர்களுக்குத் திரையில் புள்ளிகள்தான் தெரிந்தன. பென்சில்வேனியாவின் நிலக்கரிப் பகுதியில் மஹனாய் சிட்டி என்ற சிற்றூரில் மின்சாதனக் கடை வைத்திருந்த ஜான் வால்சன், படம் தெரியாத ஊரில் டிவி பெட்டி விற்க முடியாமல் தவித்து, 1948-இல் மலையுச்சியில் ஓர் ஆன்டெனாவை நட்டு, அங்கிருந்து ஊருக்குள் கம்பி இழுத்தார் என்று சொல்லப்படுகிறது. அதே ஆண்டில் ஆரிகன் மாநிலத்தின் அஸ்டோரியா நகரில் எட் பார்சன்ஸ் என்பவரும் இதைச் செய்தார். இருவரில் முதல்வர் யார் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: கேபிள் என்பது பெருமுதலாளிகளின் திட்டமாகப் பிறக்கவில்லை. தன் ஊர் மக்களுக்குப் படம் தெரிய வேண்டும் என்று ஏணி ஏறிய சிறு கடைக்காரர்களின் முயற்சியாகவே அது பிறந்தது.

இப்படி முளைத்த சிறு அமைப்புகளில் ஒன்று மிசிசிப்பி மாநிலத்தின் டூப்பலோ நகரில் இருந்தது. பாடகர் எல்விஸ் பிரெஸ்லி பிறந்த ஊர் அது. அமெரிக்கன் கேபிள் சிஸ்டம்ஸ் என்ற பெயரில் வெறும் 1,200 சந்தாதாரர்களோடு இயங்கிய அந்த அமைப்பை, 1963-இல் ஃபிலடெல்பியாவைச் சேர்ந்த ரால்ஃப் ராபர்ட்ஸ் 5 லட்சம் டாலருக்கு வாங்கினார். அவர் அதுவரை செய்துவந்தது ஆண்களுக்கான பெல்ட், கால்சட்டைத் தோள்வார் வியாபாரம். பெல்ட் தேவைப்படாத கால்சட்டைகள் சந்தைக்கு வரத் தொடங்கியதைப் பார்த்து, இனி இந்தத் தொழில் நிலைக்காது என்று அதை விற்றுவிட்டு வேறு தொழிலைத் தேடிக்கொண்டிருந்தவர் அவர். கேபிள் துறையில் முன்பே அனுபவமிருந்த டேனியல் ஆரனும், கணக்காளரான ஜூலியன் பிராட்ஸ்கியும் அவருடன் சேர்ந்தார்கள். 1969-இல் நிறுவனம் பென்சில்வேனியாவில் மறுபதிவு செய்யப்பட்டபோது, தகவல்தொடர்பு, ஒளிபரப்பு ஆகியவற்றைக் குறிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் துண்டுகளைக் கோத்துக் காம்காஸ்ட் என்று பெயரிட்டார்கள். 1972-இல் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. ரால்ஃப் ராபர்ட்ஸ் 2015-இல், 95-ஆம் வயதில் காலமானார். அவருடைய மகன் பிரையன் 1990-இல் தலைவர் பொறுப்புக்கு வந்தார். பங்குகளில் சிறு பகுதியே குடும்பத்திடம் இருந்தாலும், சிறப்பு வாக்குரிமைப் பங்குகளின் வழியாக மொத்த வாக்குகளில் மூன்றில் ஒரு பங்கு பிரையனின் கையில் இருக்கிறது.

கேள்வி: டிவி படம் கொண்டுவரப் போட்ட கம்பியில் இணையம் எப்படி ஓடுகிறது? மாலை நேரத்தில் வேகம் குறைவதற்கும், நாம் அனுப்பும் கோப்புகள் மெதுவாகப் போவதற்கும் இதுதான் காரணமா? (பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: ஆம், இரண்டுக்கும் விடை அந்தக் கம்பியின் பிறப்பிலேயே இருக்கிறது. ஒரே கேபிளுக்குள் பல சேனல்கள் வெவ்வேறு அதிர்வெண்களில் பக்கம் பக்கமாகச் செல்கின்றன. அமெரிக்க முறையில் ஒவ்வொரு சேனலுக்கும் 6 மெகாஹெர்ட்ஸ் இடம். அப்படி ஒரு சேனலின் இடத்தைக் காலி செய்து, அதில் படத்துக்குப் பதிலாகத் தரவை அனுப்பினால் விநாடிக்கு ஏறத்தாழ 38 மெகாபிட் வரை அனுப்ப முடியும். தொலைபேசிக் கம்பி வழியான மோடம் அதிகபட்சம் 56 கிலோபிட்தான் தந்துகொண்டிருந்த 1990-களின் கடைசியில் இது எவ்வளவு பெரிய பாய்ச்சல் என்பதைத் தாங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். எந்த நிறுவனம் தயாரித்த மோடமும் எந்தக் கேபிள் அமைப்போடும் பேச வேண்டும் என்பதற்காக டாக்சிஸ் என்ற பொதுத் தரம் 1997-இல் வெளியிடப்பட்டது.

ஆனால் அந்த 38 மெகாபிட் ஒரு வீட்டுக்கு உரியதன்று. ஒரே கிளையில் இணைந்திருக்கும் அக்கம்பக்கத்து வீடுகள் அனைத்துக்கும் பொதுவானது. ஆகவே எல்லோரும் வேலை முடிந்து வீடு திரும்பும் மாலையில் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பங்கு சுருங்கியது. இதைக் குறைக்கவே, நிலையத்திலிருந்து ஒவ்வொரு குடியிருப்புப் பகுதி வரைக்கும் ஃபைபர் என்ற கண்ணாடி இழைக் கம்பி போட்டு, அங்கிருந்து சில நூறு வீடுகளுக்கு மட்டும் பழைய கேபிளை விட்டார்கள். கிளையில் வீடுகள் குறையக் குறைய ஒவ்வொரு வீட்டின் பங்கும் கூடியது.

நாம் கோப்புகளை அனுப்புவதன், அதாவது மேலேற்றத்தின், கதை இன்னும் சிக்கலானது. டிவி என்பது ஒருவழிச் சரக்கு; நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும், வீட்டிலிருந்து எதுவும் திரும்பிப் போகாது. வழிநெடுகக் கம்பங்களில் மாட்டியிருந்த ஆம்ப்ளிஃபயர்கள் அந்த ஒரு திசைக்காகவே செய்யப்பட்டவை. இணையத்துக்கோ, வீட்டிலிருந்து கேட்கும் குரலும் நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். எனவே அத்தனை ஆம்ப்ளிஃபயர்களையும் இருவழிக் கருவிகளாக மாற்ற நேர்ந்தது. டிவி சேனல்கள் 54 மெகாஹெர்ட்ஸில் தொடங்கியதால், அதற்குக் கீழே 5 முதல் 42 வரையிலான குறுகிய இடத்தையே திரும்பும் பாதைக்கு ஒதுக்க முடிந்தது. ஒரே ஒரு வீட்டின் சுவரில் இணைப்பான் தளர்ந்திருந்தால் போதும், அதன் வழியே நுழையும் மின்னிரைச்சல் மற்ற வீடுகளின் இரைச்சலோடு கலந்து நிலையத்தில் வந்து குவியும். தரவிறக்கம் வேகமாகவும் மேலேற்றம் மெதுவாகவும் இருந்ததற்கு இதுவே அடிப்படைக் காரணம். இரு திசைகளிலும் சம வேகம் தரும் டாக்சிஸின் நான்காம் தலைமுறையைக் காம்காஸ்ட் 2023-இல்தான் கொலராடோ ஸ்பிரிங்ஸ், அட்லாண்டா, ஃபிலடெல்பியா ஆகிய நகரங்களில் சில பகுதிகளில் கொண்டுவரத் தொடங்கியது.

இன்னொரு செய்தியும் மாணவராகிய தாங்கள் அறிய வேண்டியது. தொடக்கத்தில் காம்காஸ்ட் இணையச் சேவையைத் தானே நடத்தவில்லை. பல கேபிள் நிறுவனங்கள் பங்கேற்ற அட்ஹோம் என்ற கூட்டு நிறுவனமே நடத்தியது. 2001-இல் அது திவாலானபோது, காம்காஸ்ட் அவசர அவசரமாகச் சொந்த வலையமைப்பைக் கட்டி வாடிக்கையாளர்களை மாற்றியது. மக்கள் தம் பழைய மின்னஞ்சல் முகவரிகளை இழந்தார்கள். நிறுவனமோ, கம்பியைப் போலவே வலையமைப்பும் சொந்தமாக இருக்க வேண்டும் என்ற பாடத்தைக் கற்றது.

கேள்வி: 1,200 சந்தாதாரர்களிலிருந்து இவ்வளவு பெரிதாக வளர்ந்தது எப்படி? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: பெரும்பாலும் பிறர் போட்ட கம்பிகளை விலைக்கு வாங்கித்தான். 1980-களிலும் 1990-களிலும் ஊர் ஊராக வாங்கிச் சேர்த்தார்கள். 1997-இல் மைக்ரோசாஃப்ட் 100 கோடி டாலர் முதலீடு செய்தது, கேபிளுக்கு எதிர்காலம் உண்டா என்று ஐயுற்ற முதலீட்டாளர்களைத் திரும்பிப் பார்க்கச் செய்தது. மிகப் பெரிய தாவல் 2002 நவம்பரில் நிகழ்ந்தது. தன்னைவிட அதிகச் சந்தாதாரர்களைக் கொண்டிருந்த, ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனத்தின் கேபிள் பிரிவை வாங்கி, நாட்டின் மிகப் பெரிய கேபிள் நிறுவனமாயிற்று. அதன்பின் கம்பியில் ஓடும் நிகழ்ச்சிகளின்மேல் கண் வைத்தது. 2004-இல் டிஸ்னியை வாங்க முயன்று தோற்றது. 2011-இல் டிவி, திரைப்பட நிறுவனமான என்பிசி யூனிவர்சலின் 51 விழுக்காட்டையும், 2013-இல் மீதியையும் வாங்கியது. 2018-இல் பிரிட்டனின் ஸ்கை டிவி நிறுவனமும் ஏலத்தில் அதன் வசமானது. ஆனால் 2014-இல் டைம் வார்னர் கேபிளை 4,500 கோடி டாலருக்கு வாங்கப் போட்ட திட்டத்தை, அரசு அமைப்புகளின் எதிர்ப்பால் 2015 ஏப்ரலில் கைவிட நேர்ந்தது. அந்த எதிர்ப்பு சரியானதே என்பது என் உறுதியான கருத்து. நாட்டின் அதிவேக இணைப்புகளில் பெரும் பகுதி ஒரே கையில் சேர்ந்திருக்கும்.

கேள்வி: வாடிக்கையாளர்களின் கோப்புப் பரிமாற்றத்தை இந்த நிறுவனம் ரகசியமாகத் தடுத்ததாகப் படித்தேன். உண்மையா? வழக்கு என்னவாயிற்று? (சட்டக் கல்லூரி மாணவி, சேலம்)

பதில்: உண்மைதான். 2007-இல் பிட்டொரென்ட் முறையில் கோப்புகளைப் பகிர்ந்துகொண்டவர்களின் இணைப்புகள் நடுவழியில் அறுந்தன. மறுமுனையில் இருப்பவரே இணைப்பைத் துண்டித்ததுபோலத் தோற்றமளிக்கும் போலிச் செய்திகளைக் காம்காஸ்டின் கருவிகள் இடையில் புகுத்தியது தெரியவந்தது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தானே சோதித்துப் பார்த்து, அந்த ஆண்டு அக்டோபரில் அதை உறுதிப்படுத்தியது. மேலே சொன்ன குறுகிய திரும்பும் பாதை நெரிசலாகிவிடுகிறது என்பது நிறுவனத்தின் விளக்கம். நெரிசல் உண்மையாகவே இருந்திருக்கலாம். அதைச் சந்தாதாரர்களிடம் வெளிப்படையாகச் சொல்லாமல், அவர்கள் அனுப்பிய செய்திகளுக்கு நடுவே பொய்ச் செய்தியை நுழைத்ததை ஏற்க முடியாது. 2008 ஆகஸ்டில் எஃப்சிசி மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்மானித்தது. ஆனால் அப்படி ஆணையிட எஃப்சிசிக்குச் சட்ட அதிகாரம் இல்லை என்று 2010 ஏப்ரலில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கிருந்துதான் இழுபறி தொடங்கியது. அந்த அதிகாரத்தைப் பெறுவதற்காக, இணையச் சேவையைத் தொலைபேசியைப் போலப் பொதுச் சேவையாக வகைப்படுத்தி 2015-இல் விதி வந்தது; 2017-இல் அது நீக்கப்பட்டது; 2024-இல் திரும்பவும் வந்தது; 2025 ஜனவரியில் ஆறாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது.

கேள்வி: கட்டணம் பிடிக்கவில்லை என்றால் வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ள வேண்டியதுதானே? என் மகன் அது எளிதில்லை என்கிறானே? (வாசகர், மதுரை)

பதில்: தங்கள் மகன் சொல்வது சரி. தெருவில் கம்பி இழுக்க அந்தந்த நகராட்சியின் அனுமதி வேண்டும். முற்காலத்தில் பல ஊர்கள் ஒரே நிறுவனத்துக்குத் தனியுரிமையே வழங்கின. 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய தனியுரிமைகளைத் தடை செய்தது. என்றாலும், ஒரு கம்பி ஏற்கெனவே ஓடும் தெருவில் பெருஞ்செலவில் இரண்டாவது கம்பியை இழுத்து, பாதி வீடுகளையாவது பிடித்துவிடலாம் என்று நம்பி இறங்குபவர் சிலரே. அப்படி இறங்கியவர்களில் ஒன்று டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகரத்து மின்வாரியம். நகருக்குச் சொந்தமான அந்த வாரியம் ஃபைபர் போட முனைந்தபோது, 2008-இல் காம்காஸ்ட் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்துத் தோற்றது. 2010-இல் அந்த நகரின் வீடுகளுக்கு விநாடிக்கு ஒரு கிகாபிட் வேகம் கிடைத்தது. தன் மின்எல்லைக்கு வெளியே உள்ள கிராமங்களுக்கும் சேவை தர அது விரும்பியபோது மாநிலச் சட்டம் குறுக்கே நின்றது. அந்தத் தடையை எஃப்சிசி 2015-இல் விலக்கியும், நீதிமன்றம் 2016-இல் அதை மீண்டும் நிலைநிறுத்திவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் கண்ணெதிரே ஃபைபர் ஓட, இந்தப் பக்கம் காத்திருக்கும் ஒரு குடும்பத்தின் நிலையை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

கேள்வி: நம் ஊர்க் கேபிள்காரர்களும் இப்படி வளர்ந்திருக்க முடியாதா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: நம்மிடம் கட்டமைப்பு வேறு. அங்கே நிலையம் முதல் வீட்டுச் சுவர் வரை கம்பி ஒரே நிறுவனத்தின் சொத்து. இங்கே சிக்னலைத் தருபவர் ஒருவர், தெருவில் கம்பி இழுத்து மாதாமாதம் வீட்டுக்கு வந்து வசூலிப்பவர் இன்னொருவர். தமிழக அரசு கேபிள் நிறுவனம் 2011-இல் மாதம் 70 ரூபாய்க்குச் சேவை தொடங்கியபோதும் வீட்டு வாசலுக்கு வந்தவர் உள்ளூர்க் கேபிள்காரரே. அத்தனை தெருக்களின் கம்பிகளையும் இருவழிப் பாதையாக மாற்றும் செலவை, சில நூறு வீடுகளை மட்டும் வைத்திருக்கும் ஒருவரால் தாங்க முடியாது.

கேள்வி: டிவி சந்தா குறைகிறது என்றால், கேபிள் தொழிலின் இன்றைய நிலை என்ன? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: ஒரு காலத்தில் 2.4 கோடியைத் தொட்ட காம்காஸ்டின் டிவி சந்தாதாரர் எண்ணிக்கை 2024-ஆம் ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ 1.25 கோடியாகச் சுருங்கியது. எம்எஸ்என்பிசி, சிஎன்பிசி, யுஎஸ்ஏ உள்ளிட்ட தன் கேபிள் சேனல்களைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிடப்போவதாக அந்த ஆண்டு நவம்பரில் அது அறிவித்தது. 2024-ஆம் ஆண்டின் இறுதியில் இணையச் சந்தாதாரர்கள் சுமார் 3.2 கோடிப் பேர் இருந்தார்கள் என்றாலும், அங்கும் எண்ணிக்கை சரியத் தொடங்கியிருக்கிறது. செல்பேசி நிறுவனங்கள் கோபுரத்திலிருந்து காற்றின் வழியே வீட்டுக்கு இணையம் தருகின்றன. அதைப் பெறுவதற்கு ஜன்னலோரம் ஒரு சிறு பெட்டியை வைத்தால் போதும், கம்பியே வேண்டியதில்லை.