பச்சை ரத்தமும் ஒரே ஒரு அணுவும்

கேள்வி: கோத்தகிரி ரோட்டுல ஒரு ஸ்டால்ல கோதுமைப்புல் ஜூஸ் விக்கிறாங்க. 'பச்சையத்துக்கும் ரத்தத்துக்கும் ஒரே ஒரு அணுதான் வித்தியாசம், குடிச்சா ரத்தமா மாறிடும்'னு போர்டு. நெசமா சார்? - வாசகர், அரவேணு

பதில்: இந்த 'ஒரே ஒரு' மலைக்காரனை படுத்துற பாடு இருக்கே! ஒரே ஒரு ரூம்தான் கட்டுறோம்பான், அடுத்த சீசனுக்கு மூணு மாடி காட்டேஜ் நிக்கும். பச்சை தேயிலைக்கு கிலோவுக்கு ஒரே ஒரு ரூபாதான் குறைச்சோம்பான், விவசாயி வீட்ல அந்த மாசம் சீட்டுப்பணம் அம்பேல். 'ஆசிரியருக்கு வேற வேலை இல்லையா'ன்னு இதுக்கும் லெட்டர் வரும், வரட்டும்.

அணுவுக்கு வர்றேன். ரத்தத்துக்கு சிவப்பு நிறம் தர்ற ஹீம்ங்கிற மூலக்கூறு நடுவுல இரும்பு, பச்சையம் நடுவுல மெக்னீசியம், அதுவரைக்கும் போர்டு சரி. ஆனா பச்சையத்துக்கு கூடுதலா ஒரு வளையமும் நீளமா ஒரு வாலும் உண்டே, அதை ஏன்யா எழுதல? செல் என்ன பண்ணுதுன்னா, அமினோலெவுலினிக் அமிலம்னு ஒரு குட்டி மூலக்கூறு எட்டை எடுத்து, ரெண்டு ரெண்டா ஒட்டி, அந்த நாலையும் கோத்து பெரிய வளையமாக்கி, புரோட்டோபார்ஃபிரின்ங்கிற வளையம் வரைக்கும் ரெண்டுக்கும் ஒரே ரூட்லதான் போகுது, அங்க ஒரு என்சைம் இரும்பை வச்சா ஹீம், இன்னொண்ணு மெக்னீசியத்தை வச்சா பச்சையத்துப் பக்கம். செடி ரெண்டையும் செய்யும். நமக்கு மெக்னீசியம் ரூட்டே கிடையாது, ஜூஸ்ல இருக்கிற மெக்னீசியத்தை கழட்டிட்டு இரும்பை மாட்டுற ஒர்க்‌ஷாப்பும் உடம்புல இல்ல. வயித்து அமிலத்துல மெக்னீசியம் கழண்டுரும், மிச்சம் பெரும்பாலும் மறுநாள் காலையில வெளிய.

நம்ம ஹீமுக்கு ஆரம்பச் சரக்குல ஒண்ணு கிளைசின்ங்கிற அமினோ அமிலம். 1940கள்ல டேவிட் ஷெமின்னு ஒரு விஞ்ஞானி, எங்க போய்ச் சேருதுன்னு தடம் பிடிக்கக்கூடிய அடையாள நைட்ரஜன் சேர்த்த கிளைசின் 66 கிராமை தானே முழுங்கி, தன் ரத்தத்தையே எடுத்துப் பார்த்து கண்டுபிடிச்சார். ஸ்டால் போடல.

இருட்டுல வளர்த்த மாரியம்மன் முளைப்பாரி மஞ்சளா வெளுத்து நிக்குதே, அதுவும் இதே கதைதான், பச்சையம் முடியுறதுக்கு முன்னாடி ஒரு ஸ்டெப்புக்கு வெளிச்சம் விழுந்தே ஆகணும். பைன் நாத்துக்கு அது தேவையில்ல, இருட்டுலயே பச்சையாகும். பைன் காட்டுல செல்ஃபி எடுக்கிற கூட்டத்துக்கு இதை யார் சொல்றது?

தேயிலையை சூடு காட்டும்போதும் மெக்னீசியம் கழண்டுதான் பச்சை போகுது, தூள் கறுக்கிறதுல அதுக்கும் பங்குண்டு. அது பத்தாதுன்னு கலர் பொடி கலக்கிறவங்களைப் பத்தி எழுதினதுக்கு ஒருத்தர் போன்ல மிரட்டினார். நம்பரை சேவ் பண்ணி வச்சிருக்கேன் சார், திரும்பக் கூப்பிடுங்க.