ஜெர்மனியில் மேற்படிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மெக்கானிக்கல் இறுதியாண்டு. சி.ஜி.பி.ஏ. 7.8. மூன்று அரியர் வைத்து கிளியர் செய்துவிட்டேன். கன்சல்டன்ட், "பப்ளிக் யூனிவர்சிட்டி உனக்குக் கிடைக்காது, ஒரு நல்ல பிரைவேட் காலேஜ் வாங்கித் தருகிறேன்" என்கிறார். உண்மையா? (கோவை வாசகர்)

அவருக்கு யார் சம்பளம் தருகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பப்ளிக் யூனிவர்சிட்டிகள் பொதுவாக ஏஜென்டுக்குக் கமிஷன் தருவதில்லை. தருபவை பெரும்பாலும் பிரைவேட் காலேஜ்கள்.

இப்போது உங்கள் மார்க்குக்கு வருவோம். ஜெர்மனியில் 1.0 என்றால் மிகச் சிறந்த மார்க், 4.0 என்றால் தட்டுத்தடுமாறி பாஸ். நம் மார்க்கை மாற்ற ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். அதிகபட்ச மார்க்கிலிருந்து உங்கள் மார்க்கைக் கழித்து, அதிகபட்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்ட வேண்டும். பாஸ் மார்க் 5 என்றால் உங்களுக்கு வருவது 2.32. பல கோர்ஸ்கள் 2.5 வரை கேட்கின்றன, அதற்குள் நிற்கிறீர்கள். அதே 7.8-க்கு பாஸ் மார்க் 6 என்று எடுத்தால் 2.65 ஆகிவிடும். அதனால் உங்கள் ரெகுலேஷனில் பாஸ் மார்க் என்ன என்று மார்க்‌ஷீட்டின் பின்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

அரியரைவிட அவர்கள் உற்றுப் பார்ப்பது பாடங்களை. எம்.எஸ். கோர்ஸுக்குத் தேவையான கணிதம், தெர்மோடைனமிக்ஸ், கன்ட்ரோல் எல்லாம் எத்தனை கிரெடிட் படித்தீர்கள் என்று எண்ணுவார்கள். சிலபஸ் பி.டி.எஃப்-ஐ இப்போதே காலேஜில் கேட்டு வாங்கி வையுங்கள். ம்யூனிக், ஆஹன் என்று மட்டும் கனவு காணாமல் கெம்னிட்ஸ், மாக்டெபுர்க், இல்மெனாவ் ஊர்களையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே வாடகையும் குறைவு.

"ஃபீஸே கிடையாது" என்கிறாள் மகள். பிறகு எதற்குக் கிட்டத்தட்ட 12 லட்சம் கட்டச் சொல்கிறார்கள்? (திருச்சி, ஒரு அப்பா)

அது ஃபீஸ் இல்லை ஐயா, உங்கள் மகளின் சாப்பாட்டுக் காசு. ப்ளாக்டு அக்கவுன்ட்டில், அதாவது மாதத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று பூட்டி வைத்த கணக்கில், ஓராண்டுக்கு 11,904 யூரோ போட வேண்டும். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோ அவள் கைக்கே திரும்பி வரும். வாடகை, சாப்பாடு, மாதம் 140 யூரோவுக்கு மேல் போகும் ஹெல்த் இன்ஷூரன்ஸ் எல்லாம் அதற்குள்தான். எஜுகேஷன் லோனிலிருந்தும் அதைக் கட்டலாம்.

ஃபீஸ் இல்லை என்பதும் எல்லா ஊருக்கும் பொருந்தாது. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹ, ஹைடெல்பெர்க் எல்லாம் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலிருந்து வருபவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். ம்யூனிக் டெக்னிக்கல் யூனிவர்சிட்டியும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து வசூலிக்கிறது, எம்.எஸ்ஸுக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ. மற்ற ஊர்களில் பெரும்பாலும் சில நூறு யூரோ செமஸ்டர் கட்டணத்தோடு முடிந்துவிடும்.

பார்ட் டைம் வேலைக்கு ஆண்டுக்கு 140 முழு நாள் அனுமதி உண்டு. ஆனால் முதல் செமஸ்டர் கணக்கில் அந்த வருமானத்தைச் சேர்க்காதீர்கள். மொழி தெரியாமல் வேலை கிடைக்க நாளாகும்.

பிளஸ் டூ முடித்ததும் நேராகப் போக முடியுமா? (மதுரை)

ஜே.இ.இ. அட்வான்ஸ்டு பாஸ் என்றால் இன்ஜினியரிங், அறிவியல் பக்கம் நேரடியாக விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் இங்கே ஒரு வருடம் காலேஜில் படித்து பாஸ் ஆகிவிட்டு, அதே துறையில் கேட்கலாம். ஆனால் அங்கே இளநிலைப் படிப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். சி1 என்ற உயர்நிலை மொழித் தேர்ச்சி வரை கேட்பார்கள். அந்த ஒரு வருடத்தில் சென்னை மாக்ஸ் முல்லர் பவனிலோ வேறெங்காவதோ ஜெர்மன் வகுப்பில் சேர்ந்துவிடுங்கள்.

கடைசித் தேதி ஜூலை 15தானே? மே மாதம் ஆரம்பித்தால் போதுமா? (திருநெல்வேலி)

போதாது. அக்டோபரில் தொடங்கும் குளிர்கால செமஸ்டருக்கு ஜூலை 15 என்பது பொதுவான தேதி. ஆனால் வெளிநாட்டு மாணவர்களுக்கான பல எம்.எஸ். கோர்ஸ்கள் மார்ச்சிலோ மே மாதத்திலோ கதவைச் சாத்திவிடும். போதாக்குறைக்கு 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம். உங்கள் மார்க்‌ஷீட் நிஜம்தானா என்று டெல்லியில் சரிபார்த்துக் கொடுப்பார்கள்; கட்டணம் 18,000 ரூபாய். அது கையில் இல்லாமல் விசாவும் நகராது. எனவே முந்தைய ஆண்டு செப்டம்பர், அக்டோபரிலேயே அதற்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள். பல யூனிவர்சிட்டிகளுக்காக விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் அமைப்பு வழியாக விண்ணப்பிக்கும் இடங்களில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்தடுத்து ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. அவர்கள் சரிபார்க்கவே சில வாரங்கள் எடுக்கும்.

எஸ்.ஓ.பி.யை (ஏன் இந்தக் கோர்ஸ் என்று விளக்கும் கடிதம்) ஏ.ஐ.யிடம் எழுதி வாங்கலாமா?

"சிறு வயதிலிருந்தே இயந்திரங்கள் மீது தீராத ஆர்வம்" என்று அதுவும் எழுதித் தரும், பக்கத்து வீட்டுப் பையனுக்கும் அதையே தரும். நீங்கள் செய்த ப்ராஜெக்டில் எது சொதப்பியது, எப்படிச் சரிசெய்தீர்கள், அந்தக் கோர்ஸின் எந்தப் பாடம் அதோடு ஒட்டுகிறது என்று உங்கள் கையால் ஒரு பக்கம் எழுதுங்கள். இலக்கணத்தை வேண்டுமானால் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அட்மிஷன் வந்தும் விசா மறுத்துவிட்டார்கள். அப்பீல் போடலாமா? (சேலம்)

முன்பு தூதரகத்துக்கே கடிதம் எழுதி மறுபரிசீலனை கேட்கும் வழி இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அதை நிறுத்திவிட்டார்கள். இனி பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும், அல்லது புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு இரண்டாவதுதான் தோது. மறுப்புக் கடிதத்தில் சொன்ன காரணத்துக்கு நேரான பதிலை ஆவணத்தோடு வையுங்கள். அதற்குள் செமஸ்டர் தொடங்கிவிடும் என்று தோன்றினால், சீட்டை அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று யூனிவர்சிட்டிக்கு இன்றே மெயில் போடுங்கள். சிலர் ஒப்புக்கொள்வார்கள், சிலர் மறுபடி விண்ணப்பிக்கச் சொல்வார்கள்.