முட்டி வலிக்கிறது, வீடியோ பார்த்துச் செய்யலாமா?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து 48 வயது வாசகி கேட்கிறார்: “மூன்று வாரமாக யூடியூபில் 20 நிமிடக் குதிக்கும் பயிற்சி செய்கிறேன். இப்போது படி இறங்கும்போது முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது. கீழ்வீட்டு ஆன்ட்டி வேறு முறைக்கிறார். அந்தப் பயிற்சியாளர் வாட்ஸ்அப்பில் வந்து, 380 வெள்ளிக்கு 12 வாரத் திட்டம் இருக்கிறது, சேர்ந்தால் சரியாகிவிடும் என்கிறார். சேரவா?”

வேண்டாம். உங்கள் முட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர், வலி என்றதும் விலையைச் சொல்கிறார் பாருங்கள், அங்கேயே விஷயம் தெரிந்துவிட்டது. இங்கே பிசியோ (இயன்முறை சிகிச்சையாளர்) வேலை பார்க்கச் சட்டப்படி பதிவு வேண்டும், பெயரை இணையத்தில் சரிபார்க்கலாம். பயிற்சியாளர் என்று போட்டுக்கொள்ள அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை, நல்ல உடம்பும் நல்ல வெளிச்சமும் போதும். 12 வாரத் திட்டத்துக்குப் பின்னால் புரோட்டீன் மாவு வரும், அதற்குப் பின்னால் ‘ஏழு நாள் இலவசம்’ என்று கடன் அட்டை எண்ணைக் கேட்கும் செயலி வரும், எட்டாம் நாள் காசு தானாகப் போகும். பிசியோவான என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் முட்டியோடு இந்தக் கதையையும் கொண்டு வருகிறார்கள்.

சரி, முட்டிக்கு வருவோம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், பழக்கமில்லாத முட்டிக்குத் திடீரென்று பாரம் கூடிப்போன வலி மாதிரி இருக்கிறது. வெறுங்காலோடு டைல்ஸ் தரையில் குதித்தீர்களா? வீடியோவில் இருப்பவர் மெத்தென்ற தரையில், காலணி போட்டுக் குதிக்கிறார். பயிற்சியை விட்டுவிட வேண்டாம், குதிப்பதை மட்டும் விடுங்கள். அவர் குதிக்கும்போது நீங்கள் பக்கவாட்டில் ஓர் அடி வைத்துத் திரும்புங்கள், ஆன்ட்டியும் நிம்மதியாகத் தூங்குவார். அப்புறம் சாப்பாட்டு மேசை நாற்காலியில், கையை ஊன்றாமல் பத்து முறை மெதுவாக உட்கார்ந்து எழுந்திருங்கள், ஒருநாள் விட்டு ஒருநாள். வலி பத்துக்கு மூன்றைத் தாண்டாமல், மறுநாள் காலை அடங்கியிருந்தால் தொடரலாம். வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சி வேண்டும் என்கிறார்களே, அந்தக் கணக்கில் நடையும் சேரும்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கணவருக்குச் சர்க்கரை நோய், அவரும் சேர்ந்து செய்யப்போகிறார் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அவர் என்ன மருந்து எடுக்கிறார் என்பதுதான் கேள்வி. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. இன்சுலினோ, கிளிபிசைடு போன்ற மாத்திரையோ என்றால், காலையில் வெறும் வயிற்றில், அதிலும் வெள்ளிக்கிழமை விரதத்தன்று, செய்யவே கூடாது, ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். தொடங்குமுன் விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பார்க்கட்டும், 5க்குக் (mmol/L) கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் தொடங்கட்டும். நடுக்கம், குளிர் வியர்வை வந்தால் உடனே நிறுத்திவிட்டு, சர்க்கரை போட்ட பானம் குடிக்க வேண்டும், டயட் கோக் உதவாது. திரையில் கத்துகிற ஆளுக்கு இது எதுவும் தெரியாது, “இன்னும் பத்து, விடாதே!” என்றுதான் கத்துவார்.

முட்டி வீங்கினாலோ, மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, இரண்டு வாரத்தில் குறையாவிட்டாலோ மருத்துவரிடம் போங்கள். சலுகைக் கட்டணத்தில் மருத்துவமனை பிசியோ வேண்டுமென்றால் வழக்கமாக முதலில் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்), அங்கே ஒரு பரிந்துரைக் கடிதம், பிறகு ஒரு தேதி. அந்தத் தேதி வருவதற்குள் சில முட்டிகள் தாமாகவே சரியாகிவிடுகின்றன, சில மோசமாகிவிடுகின்றன, இதை யாரிடம் போய்ச் சொல்வது? அதனால் கடிதத்தை இப்போதே வாங்கி வையுங்கள், வலி போய்விட்டால் ரத்து செய்துகொள்ளலாம்.