வருகைக்கு ஒரு வெள்ளி வில்லை

அன்புள்ள ஐயா,

நான் பாரிஸில் வேலை செய்கிறேன். வான்வ் பழம்பொருள் சந்தையில் அண்மையில் எட்டு மூலைகள் கொண்ட ஒரு வெள்ளி ஜெத்தோனை, அதாவது நாணயம் போன்ற ஒரு வில்லையை, வாங்கினேன். ஒரு பக்கம் ஓர் ஆலயத்தின் முகப்பு. மறுபக்கம் அந்த ஆலயத்தைச் சேர்ந்த பங்கின் (கிறிஸ்தவ வட்டாரச் சபையின்) பெயரும் ‘கோன்செய் து ஃபாப்ரிக்’ என்ற சொற்களும். விளிம்பில் விரல் நீட்டிய ஒரு சிறிய கையும், அதையடுத்து ‘அர்ஜான்’ (வெள்ளி) என்ற எழுத்துகளும் இருக்கின்றன. இது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட பதினாறாம் லூயியின் காலத்தது என்று விற்றவர் சொன்னார். நன்றாகக் கறுத்திருக்கிறது. பாலிஷ் போடலாமா? இனி பிரெஞ்சு ஆலயங்களின் வெள்ளி ஜெத்தோன்களை மட்டுமே சேர்க்கலாம் என்று நினைக்கிறேன், அது சரியான வழியா? ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, “கோயில் சொத்தை வீட்டில் வைக்காதே” என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் அம்மாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குப் பதில் சொன்னால், உங்கள் கையில் இருப்பது என்ன என்பதும் விளங்கிவிடும். அந்த வில்லை கோயில் சொத்து அல்ல. கோயில் காரியத்துக்காக வந்து உட்கார்ந்த ஒருவருக்குக் கொடுக்கப்பட்ட மரியாதைத் தொகை அது. கொடுத்த அந்த நிமிடத்திலேயே அது ஆலயத்தை விட்டு நீங்கி அவருடைய உடைமை ஆகிவிட்டது. அவர் அதை மகனுக்குக் கொடுக்கலாம், விற்கலாம், உருக்கவும் செய்யலாம். அம்மாவிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். ஆனால் பிரெஞ்சுச் சந்தைகளில் விற்கும் நற்கருணைக் கிண்ணங்களைப் பற்றி இப்படிச் சொல்ல மாட்டேன். அரசையும் திருச்சபையையும் பிரித்த 1905ஆம் ஆண்டின் சட்டத்துக்கு முந்தைய ஆலயங்களில் இருக்கும் பொருட்கள் பெரும்பாலும் அரசுக்கோ நகராட்சிக்கோ உரியவை. அத்தகைய பொருளை வாங்குவதற்கு முன் அது எங்கிருந்து வந்தது என்று கேட்டே ஆக வேண்டும்.

ஜெத்தோன் முதலில் கணக்குப் பார்க்கும் கருவியாகவே இருந்தது. கோடு வரைந்த கணக்குப் பலகையில் வில்லைகளை நகர்த்திக் கூட்டிக் கழிக்கும் முறை பிரான்ஸில் 13ஆம் நூற்றாண்டிலேயே அரச குடும்பத்தின் கணக்கறைகளில் வழக்கத்தில் இருந்தது. கணக்கைத் தாளில் எழுதிப் போடும் முறை பரவியபோது அந்தத் தேவை மெல்லக் குறைந்தது. வில்லை மட்டும் வெள்ளியில் புத்தாண்டுப் பரிசாகவும், கூட்டத்துக்கு வந்தவருக்கான கைம்மாறாகவும் வாழ்வைத் தொடர்ந்தது. 1673இல் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர், பிரெஞ்சு மொழிக்கான அறிஞர் அவையான பிரெஞ்சு அகாதமியில் இதை ஏற்படுத்தினார். அமர்வுக்கு நாற்பது ஜெத்தோன்கள் வழங்கப்பட்டன. வராதவர்களின் பங்கு வந்தவர்களுக்குப் போனது.

ஆனால் வருகைக்கு வில்லை கொடுக்கும் பழக்கத்தில் ஆலயம் அகாதமிக்கு மிகவும் மூத்தது. இடைக்காலப் பேராலயங்களில் குருக்கள் ஒவ்வொரு வேளை மன்றாட்டுக்கும் வந்து நின்றதற்குச் சாட்சியாக ‘மெரோ’ எனப்படும் ஈய வில்லை பெற்றார்கள். பிறகு அதைக் கொடுத்துப் பணமாகவோ ரொட்டியாகவோ வாங்கிக்கொண்டார்கள். அதனால்தான் ‘வெள்ளி மட்டும்’ என்ற உங்கள் திட்டத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கவில்லை. வெள்ளியை மையமாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒன்றிரண்டு ஈய மெரோக்களையாவது அதன் பக்கத்தில் வையுங்கள். புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்த நாந்த் ஆணை 1685இல் ரத்தான பிறகு மறைவாகக் கூடிய சீர்திருத்தத் திருச்சபையினர், திருவிருந்துக்கு வருபவர் நம்மவர்தானா என்று அறிய இத்தகைய ஈய வில்லைகளையே பயன்படுத்தினார்கள். அவற்றில் ஒரு வகையில் ஒரு பக்கம் மேய்ப்பன், மறுபக்கம் திறந்த வேதாகமமும் ‘பயப்படாதே சிறுமந்தையே’ என்ற லூக்கா 12:32 வசனமும். சிதைந்த எழுத்துகளோடு அதைக் கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு, வெள்ளியின் பளபளப்பு மட்டுமே இந்தத் துறை அல்ல என்பது புரியும். (ஈயத்தை ஓக் மரப் பெட்டியில் வைக்காதீர்கள். அந்த மரம் வெளிவிடும் அமில ஆவி ஈயத்தை வெண்பொடியாக அரித்துவிடும்.)

இனி உங்கள் வில்லை. விற்றவர் சொன்ன காலம் சரியல்ல. எட்டு மூலை வடிவம் பதினாறாம் லூயி காலத்திலும் இருந்தது உண்மைதான், அதை வைத்தே அவர் அப்படிச் சொல்லியிருக்கலாம். ஆனால் காலத்தை நமக்குச் சொல்வது விளிம்புதான். பாரிஸ் நாணயசாலை 1832 முதலே விளிம்பில் அடையாளம் இட்டது. முதலில் பழங்கால விளக்கு, 1841இல் குறுகிய காலத்துக்கு நங்கூரம், 1842 முதல் கப்பலின் முகப்பு, 1845 முதல் 1860 வரை நீட்டிய கை, 1879 வரை தேனீ, 1880 முதல் வளக்கொம்பு. எனவே உங்களுடையது 1845க்கும் 1860க்கும் இடையில் அச்சடிக்கப்பட்டது. இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. நாணயசாலை தன்னிடம் இருந்த பழைய அச்சுகளைக் கொண்டு 19ஆம் நூற்றாண்டில் மீண்டும் அடித்துக் கொடுத்தது. பதினைந்தாம் லூயியின் தலை முன்பக்கம் இருந்து விளிம்பில் தேனீயும் இருந்தால், அது பின்னாளைய மறு அச்சு. அதை மறு அச்சுக்குரிய விலைக்கு வாங்குவதில் தவறில்லை, 18ஆம் நூற்றாண்டு விலைக்கு வாங்கக் கூடாது. உங்கள் வில்லையில் அரசர் இல்லை, ‘கோன்செய் து ஃபாப்ரிக்’ இருக்கிறது. அதுவும் விளிம்பு சொல்லும் காலத்தோடு பொருந்துகிறது.

ஃபாப்ரிக் என்பது நம் ஊர் அறங்காவலர் குழுவைப் போன்றது. பங்கின் வருமானம், மெழுகுவர்த்தி, மணி, கூரை, இருக்கை வாடகை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட பொதுநிலையினரின் அமைப்பு அது. 1789 நவம்பர் 2 அன்று திருச்சபையின் சொத்துகள் நாட்டுடைமை ஆயின, ஆலய வெள்ளி நாணயசாலைகளுக்குப் போய் உருகியது. நெப்போலியன் போப்பாண்டவரோடு செய்த உடன்படிக்கைக்குப் பின் மீண்டும் எழுந்த ஃபாப்ரிக்குகளுக்கு 1809 டிசம்பர் 30 ஆணை ஒழுங்கான சட்டம் தந்தது. ஐயாயிரம் பேரோ அதற்கு மேலோ உள்ள பங்கில் ஒன்பது உறுப்பினர், மற்றவற்றில் ஐந்து, அவர்களோடு பதவி வழியில் பங்குத்தந்தையும் நகரத் தலைவரும். ‘கோன்செய்’ எனப்படும் இந்தப் பேரவை கூட வேண்டியது ஆண்டுக்கு நான்கு முறை. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துப் பாருங்கள். வசதியான ஒரு பங்குக்குக்கூட எத்தனை வில்லைகள் தேவைப்பட்டிருக்கும்? நோட்டரிகளின் ஜெத்தோனும் காப்பீட்டு நிறுவனங்களின் ஜெத்தோனும் சந்தையில் குவிந்திருக்க, ஆலய ஜெத்தோன் எப்போதாவதுதான் கண்ணில் படுவதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அந்தச் சட்டம் செல்லாத அல்சாஸ்-மொசெல் பகுதி நீங்கலாக, 1905 சட்டத்தோடு ஃபாப்ரிக்குகளின் கதை முடிந்துவிடுகிறது. ஆகவே நீங்கள் சேர்க்கப்போவது தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு வரிசை, சேகரிப்பவருக்கு இது நல்ல வாய்ப்பு.

வாங்கும்போது படத்தையும் வாசிக்கப் பழகுங்கள். எழுத்து தேய்ந்திருந்தாலும் புனிதர் பங்கைக் காட்டிக்கொடுப்பார். கொம்புகளுக்கிடையே சிலுவை தாங்கிய கலைமான் என்றால் எஸ்தாக்கியார், பக்கத்தில் நாய் என்றால் ஆரோக்கியநாதர், கல்லெறி என்றால் முடியப்பர், தன் தலையைத் தானே ஏந்தி நிற்பவர் தெனி. பீடத்தின் முன் மணமக்கள் நிற்கும் வெள்ளி வில்லையை ‘ஆலய ஜெத்தோன்’ என்று சொல்லி விற்பார்கள். அது திருமணப் பதக்கம், பின்புறத்தில் பெயர்களும் தேதியும் செதுக்கப்பட்டிருப்பதே பெரும்பாலும் அதைக் காட்டிவிடும். விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடோ, பரப்பில் நுண்குமிழ்களோ தெரிந்தால் அது அச்சடித்ததல்ல, வார்த்தது. அதை வாங்கவே வேண்டாம்.

பாலிஷ் போடாதீர்கள். இதை மன்றாடியே கேட்கிறேன். அந்தக் கருமை காற்றிலுள்ள கந்தகத்தால் வெள்ளியின் மேல் படிந்த மெல்லிய படலம். அதைத் தேய்த்து எடுக்கும்போது ஆலய முகப்பின் தூண்களுக்கிடையே செதுக்குநர் விட்ட நுண்கோடுகளும் கொஞ்சம் போய்விடும், அவற்றை யாராலும் திருப்பித் தர முடியாது. கையெண்ணெய் மட்டும் இருந்தால் தூய அசிட்டோனில் நனைத்து, தேய்க்காமல் உலரவிடுங்கள். பிவிசி உறைகளைத் தவிருங்கள், அவை நாளடைவில் பச்சைப் பிசுக்கை விடும்.

உங்களிடம் பங்கின் பெயர் இருக்கிறது, பதினைந்தே ஆண்டுகளுக்குள் அடங்கிய காலமும் இருக்கிறது, நீங்களோ பாரிஸிலேயே இருக்கிறீர்கள். பாரிஸ் உயர்மறைமாவட்டத்துக்கு ஒரு வரலாற்று ஆவணக் காப்பகம் உண்டு. அந்தப் பங்கின் ஃபாப்ரிக் குறிப்பேடு அங்கே இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். கிடைத்தால் முதலில் செலவுப் பக்கத்தைப் பாருங்கள், நாணயசாலைக்குப் பணம் கட்டிய வரி இருக்கக்கூடும். அதன் பிறகு ஒவ்வொரு கூட்டத்தின் தலைப்பிலும் வந்தவர்களின் பெயர்களைப் படியுங்கள்.

அன்புடன்.