பினாங்குக்குச் சமையல் சுற்றுலா: செட்டிநாட்டுக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து மலேசியாவின் பினாங்குக்குச் சமையலும் ஊரும் பார்க்கப் போகும் பயணம் பற்றி வந்த கேள்விகள் இவை.

காரைக்குடியிலிருந்து: "சிறு குழு" என்று விளம்பரம் வருகிறது. முன்பணம் கட்டுமுன் என்ன கேட்கணும்?

சமையல் வகுப்பில் எத்தனை அடுப்பு என்று கேளுங்கள் அண்ணே. பன்னிரண்டு பேருக்கு ஆறு அடுப்பு இருந்தால் ஜோடி ஜோடியாக நின்று கிண்டலாம். ஒரே அடுப்பு என்றால் வேடிக்கை பார்த்துவிட்டு வர வேண்டியதுதான், அதற்கு வகுப்புக் கட்டணம் கொடுப்பது வீண்.

அடுத்து, குறைந்தது எத்தனை பேர் சேர்ந்தால் பயணம் உறுதி, சேராவிட்டால் எந்தத் தேதிக்குள் சொல்வார்கள், முழுப் பணமும் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். உறுதிக் கடிதம் வரும்வரை விமான டிக்கெட்டைத் தனியாகப் போட்டுவிடாதீர்கள். பயணம் ரத்தானால் அந்தக் காசை யாரும் தரமாட்டார்கள். தனியாக வருபவருக்குத் தனி அறைக்கு எவ்வளவு கூடுதல் என்பதையும் கேளுங்கள். வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. அது பெரும்பாலும் விடுதியில் கையில் கொடுப்பது.

நம் ஊர் நிறுவனம் என்றால் பயணப் பணத்தோடு டிசிஎஸ் என்ற வருமான வரி முன்பிடிப்பும் வாங்குவார்கள். பான் எண்ணைக் கொடுத்துவிட்டு, அது வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

தேவகோட்டையிலிருந்து: நான் சுத்த சைவம். சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் "வெஜிடேரியன்" என்ற ஒரு சொல்லை நம்பிப் போகக் கூடாது. அங்கே காய்கறி மட்டும் தெரிகிற தட்டிலும் பெலாச்சான் இருக்கும். சின்ன இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்து இடித்த கட்டி அது. வதக்கிய கங்குங் கீரையிலும், தொட்டுக்கொள்ளும் சம்பலிலும் அதுதான் அடித்தளம். கடைக்காரருக்கு அது மசாலா; மீன் என்ற எண்ணமே வராது. அதனால் பெயர் பெயராகச் சொல்லுங்கள்: "சாயா தாக் மாக்கான் டாகிங், ஆயாம், ஈக்கான், ஊடாங், பெலாச்சான்." இறைச்சி, கோழி, மீன், இறால், பெலாச்சான் சாப்பிடமாட்டேன் என்று அர்த்தம்.

அசாம் லக்சா என்ற நூடுல்ஸ் குழம்பு நம் புளிக்குழம்பு மாதிரி மணக்கும். ஏமாறாதீர்கள். கானாங்கெளுத்தியை வேகவைத்து உதிர்த்த குழம்பு அது. மேலே ஒரு கரண்டி கறுத்த இனிப்பு இறால் பசையும் விடுவார்கள். நாசி கண்டார் கடையில் சிக்கல் வேறு. தமிழ் முஸ்லிம்கள் காவடித் தண்டில் சோறும் குழம்பும் தூக்கி விற்ற உணவு அது. வெண்டைக்காய் மட்டும் கேட்டாலும் பல குழம்புகளை ஒன்றாகக் கலந்து சோற்றின் மேல் ஊற்றுவதே அங்கே வழக்கம். "குவா (குழம்பு) வேண்டாம்" என்று முன்கூட்டியே தமிழிலேயே சொல்லலாம், பலருக்குப் புரியும். சீன பௌத்த சைவக் கடைகளில் நிம்மதியாக உட்காரலாம். பல கடைகளில் வெங்காயம் பூண்டுகூடச் சேராது.

பள்ளத்தூரிலிருந்து: எங்க ஆயாவுக்கு 68 வயசு. பாஸ்போர்ட்டில் ஈசிஆர் இருக்கு. போக முடியுமா?

தாராளமாகப் போகலாம் ஆச்சி. ஈசிஆர் என்பது வெளிநாடு போகக் குடிபெயர்வு அனுமதி வேண்டும் என்ற குறிப்பு; அந்தக் கட்டுப்பாடு வேலைக்குப் போகிறவர்களுக்கு. சுற்றுலாவுக்கு அனுமதி தேவையில்லை. ஆனால் கவுண்டரில் கேள்வி வரும்; திரும்பும் டிக்கெட், விடுதிப் பதிவு இரண்டையும் அச்சிட்டு ஆயா கையிலேயே கொடுங்கள். 50 வயது கடந்தவர் என்பதால், புதுப்பிக்கும்போது ஈசிஆரை நீக்கிக்கொள்ளலாம். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும்.

இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு 2026 டிசம்பர் 31 வரை. மலேசிய அரசின் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

கோட்டையூரிலிருந்து: மசாலாப் பொடி கொண்டுபோகலாமா?

திருச்சியிலிருந்து நேரே கோலாலம்பூர் என்றால் மூடி முத்திரையிட்ட பொடி போதும். பச்சைக் கறிவேப்பிலை, விதை வேண்டாம். சிங்கப்பூர் அல்லது வளைகுடா வழியாக விமானம் மாறினால் குருமாப் பொடியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அதில் கசகசா இருக்கும், அங்கெல்லாம் அது போதைப்பொருள் சட்டத்தில் மாட்டும்.

கானாடுகாத்தானிலிருந்து: தைப்பூசத்தோடு சேர்த்துப் போகலாமா?

கும்பிடப் போகிறீர்கள் என்றால் அதைவிட நல்ல நாள் இல்லை. 1894இல் காரைக்குடியிலிருந்து போன வெள்ளி ரதம் பினாங்கு வீதிக் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போவதைப் பார்க்கலாம். சமையல் வகுப்பை வேறு வாரத்தில் வையுங்கள். சாலை அடைப்பு, விடுதி வாடகை ஏற்றம் எல்லாம் அந்த நாளில்தான்.

புதுவயலிலிருந்து: கற்றுக்கொண்டு வந்ததை இங்கே செய்ய முடியுமா?

லக்சாவில் போடும் இஞ்சிப்பூ இங்கே கிடைக்காது, அதை விட்டுவிடுங்கள். பச்சை நிற மாவு இழைகளைத் தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் சேர்த்துச் சாப்பிடும் செண்டோல் அருமையாக வரும். ஒரு பங்கு அரிசி மாவுக்கு நாலு பங்கு ரம்பை இலைச் சாறு கலந்த தண்ணீர், சுண்ணாம்புத் தெளிநீர் ஒரு டீஸ்பூன். கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் பளபளப்பாகிச் சட்டியை விட்டுத் திரளும்வரை கிண்டுங்கள். சூட்டோடு பூந்திக் கரண்டியில் தேய்த்து ஐஸ் தண்ணீரில் விழவிட வேண்டும். ஆறவிட்டால் இறுகிப்போய்த் துளையில் இறங்காது. தண்ணீர் ஜில்லென்று இல்லாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தென்னை வெல்லத்துக்குப் பதில் பனங்கருப்பட்டிப் பாகு ஊற்றலாம். வாசனை மாறும், ஆனால் தேங்காய்ப்பாலோடு நன்றாகவே சேரும்.