எதிர்வரிசையில் மட்டும் விளக்கு எரிவது ஏன்?

கேள்வி: மாநிலத்தில் மின்பற்றாக்குறை இல்லை என்கிறார்கள். ஆனால் கோடை வந்துவிட்டால் எங்கள் தெருவில் இரவு பதினொரு மணிக்கு மேல் மின்சாரம் போய்விடுகிறது. எதிர்வரிசை வீடுகளில் மட்டும் விளக்கு எரிகிறது. இது எப்படி?
– வாசகி ஒருவர், பெரம்பூர்

பதில்: இரண்டும் உண்மைதான். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. அந்த அளவுக்கு மின்சாரமும் வழங்கப்பட்டது. உங்கள் தெருவின் சிக்கல் மின்நிலையத்தில் இல்லை, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிறது. 250 கே.வி.ஏ. திறன் கொண்ட டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் கீழ் ஒன்றரை டன் ஏ.சி.க்கள் சுமார் 150 ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடினாலே அதன் திறன் தீர்ந்துவிடும். அதிலும் வீட்டு இணைப்புகள் மூன்று ஃபேஸ்களுக்கும், அதாவது டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மின்சாரம் வரும் மூன்று தனித்தனிக் கம்பிகளுக்கும், சமமாகப் பிரிந்திருப்பது அரிது. பளு கூடிய ஃபேஸில் மட்டும் ஃபியூஸ் போகும்போது அதில் உள்ள வீடுகள் இருள, மற்ற இரண்டு ஃபேஸ்களில் உள்ள வீடுகளுக்கு ஒன்றும் தெரிவதில்லை. சென்னையின் புழுக்கமான இரவில் டிரான்ஸ்ஃபார்மரும் அதைக் குளிர்விக்க உள்ளே இருக்கும் எண்ணெயும் ஆறுவதற்கு இடைவெளியே கிடைக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் நுகர்வோரின் பங்கும் உண்டு, சொன்னால் கோபம் வரும். இரண்டாவது, மூன்றாவது ஏ.சி. வாங்குகிறவர்களில் பலர் தங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளுவை உயர்த்தித் தரும்படி விண்ணப்பிப்பதில்லை. ஏட்டில் ஏறாத பளுவுக்கு எந்தப் பொறியாளரும் பெரிய டிரான்ஸ்ஃபார்மரைக் கேட்டு வாங்க முடியாது.

கேள்வி: மாநகராட்சியே மின்விநியோகத்தை எடுத்து நடத்தினால் தேவையைக் கட்டுப்படுத்த முடியாதா?
– வாசகர் ஒருவர், கொளத்தூர்

பதில்: முன்னுதாரணம் இருக்கிறது. திருச்சூர் மாநகராட்சி தன் பழைய நகரப் பகுதிக்குத் தானே மின்சாரம் விநியோகிக்கிறது; மும்பையில் மாநகராட்சியின் 'பெஸ்ட்' நிறுவனமும் அவ்வாறே. ஆனால் நடத்துபவர் மாறுவதால் மட்டும் கேபிள் தடிமனாகிவிடாது. தேவை எந்த மணி நேரத்தில் குவிகிறது என்பதே முக்கியம். உயரழுத்த இணைப்புள்ள தொழிற்சாலைகள் காலையும் மாலையும் உச்ச நேரத்தில் 25 சதவீதம் கூடுதலாகக் கட்டுகின்றன. அதனால் வேலையை நள்ளிரவுக்குத் தள்ள அவற்றுக்குக் காரணம் இருக்கிறது. வீடுகளுக்கோ இரண்டு மாத மொத்த யூனிட்டுக்குத்தான் கணக்கு, நண்பகலில் எரித்தாலும் நள்ளிரவில் எரித்தாலும் விலை ஒன்றே. நேரவாரிக் கட்டணம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை: அடுக்குமாடியின் தண்ணீர் மோட்டாரையும் மின்வண்டி சார்ஜரையும் சூரிய மின்சாரம் மிகுந்திருக்கும் பகலுக்கு மாற்றிவிடலாம், இரவு ஏ.சி.யை 24 டிகிரிக்குக் கீழே இறக்காமலும் இருக்கலாம்.