நாற்பது வருடம் ஒரே நோய்: கடிதமும் பதிலும்

சேர்,

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பிள்ளை. உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். என் அக்கா கொழுந்து பறிக்கிறவர். அவருக்கு முதலில் ஒரு கண் மங்கியது, பிறகு கால் மரத்துப்போனது. கண்டியில் ஸ்கான் எடுத்து எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ், உடலின் நோயெதிர்ப்பே நரம்பின் உறையைத் தாக்கும் நோய்) என்று சொன்னார்கள். காலையில் நன்றாகத்தான் மலைக்குப் போகிறார். ஏற்றத்தில் ஏறி, வெயிலும் வந்துவிட்டால் கண் மறுபடி மங்குகிறது. மரத்தடியில் கொஞ்சம் உட்கார்ந்து முகத்தில் தண்ணீர் அடித்தால் தெளிந்துவிடும். அதனால் நடிக்கிறார் என்கிறார்கள். அரைப்பேர்தான் (பாதி நாள் கூலி) போடுகிறார்கள்.

இந்த ஒரு நோயையே நாற்பது வருடத்துக்கு மேல் ஆராய்ந்த ஸ்டீபன் ஹவ்சர் என்ற அமெரிக்கருக்கு 2025இல் பெரிய பரிசு கிடைத்ததாக வாசித்தேன். இன்னும் முழுதாகக் குணமாக்க மருந்து இல்லையே, அப்புறம் எதற்குப் பரிசு? எனக்கும் நிர்ப்பீடனவியல் (நோயெதிர்ப்பு பற்றிய படிப்பு) படிக்க ஆசைதான். ஆனால் நம் பக்கம் வீட்டுக்கு வீடு இரத்தச்சோகை. ஆயிரத்தில் ஒருவருக்கும் வராத நோய்க்கு ஓர் ஆயுளைக் கொடுப்பது நியாயமா, சேர்?

(பெயர் போட வேண்டாம்)

அன்புள்ள மகளுக்கு,

முதலில் அக்காவின் விஷயம். அக்கா நடிக்கவில்லை. 1890இலேயே ஜேர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹோஃப் இதை எழுதிவைத்துவிட்டார்: இந்த நோய் உள்ளவர்கள் உடலை வருத்தி நடந்தால் பார்வை மங்கும், ஓய்வெடுத்தால் திரும்பும். நரம்பின் மேலுள்ள மயலின் உறை தேய்ந்த இடத்தில், உடற்சூடு கொஞ்சம் கூடினாலே கணத்தாக்கம் (நரம்பில் ஓடும் மின்சைகை) தடைப்படுகிறது. சூடு தணிந்ததும் மறுபடி ஓடுகிறது. மலைநாட்டுக் குளிரில் சூடு எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். படங்கைக் கட்டி, கூடையை மாட்டிக்கொண்டு செங்குத்தான மலையில் ஏறுகிறவரின் உடம்புக்குள் குளிர் ஏது? மரத்தடியில் கண் தெளிகிறது என்பதே நோயின் அடையாளம். அதைக் காட்டி ஒரு பெண்ணின் கூலியைப் பாதியாக்குவதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. கிளினிக்கில் இதை அப்படியே சொல்லி, இலேசான வேலை கொடுக்கும்படி டாக்டரிடம் ஒரு கடிதம் கேளுங்கள்.

இனி ஹவ்சர். 1970களின் இறுதியில், இளம் மருத்துவராக இருந்தபோது, திறமையான ஓர் இளம் பெண் வழக்கறிஞர் அவரிடம் நோயாளியாக வந்தார். எம்.எஸ். அவரை வேகமாகச் சாய்த்தது. பேச முடியவில்லை, விழுங்க முடியவில்லை. கொடுக்கவும் ஒன்றும் இல்லை. அந்த அநியாயத்தைப் பார்த்துத்தான் ஹவ்சர் இந்த நோயைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கு அந்தத் துறையே டி கலங்கள் என்ற வெண்குருதிக் கலங்கள்தான் குற்றவாளி என்று நம்பியது. எலிகளில் டி கலங்களைத் தூண்டினால் எம்.எஸ். போன்ற ஒரு நோய் வந்தது உண்மை. ஆனால் எலியின் நரம்பில் கண்ட சேதமும் மனித மூளையில் கண்ட சேதமும் ஒன்றாக இல்லை. ஹவ்சரின் குழு மார்மோசெட் என்ற சின்னக் குரங்கில் பார்த்தது. அங்கே டி கலங்கள் மட்டும் இருந்தால் அழற்சி வந்தது, மயலின் பெரிதாக உரியவில்லை. பிறபொருளெதிரியும் (அன்டிபொடி) சேர்ந்தபோதுதான் மனித நோயைப் போல உரிந்தது. பிறபொருளெதிரிக்கு மூலம் பி கலம் என்ற இன்னொரு வெண்குருதிக் கலம். அப்படியானால் பி கலத்தை அழித்துப் பார்த்தால் என்ன?

பி கலத்தை அழிக்கும் மருந்து ஒன்று ஏற்கனவே இருந்தது. ரிட்டக்ஸிமாப், நிணநீர்ப் புற்றுநோய்க்காக 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் எம்.எஸ்.ஸில் அதைச் சோதிக்க நிதி கேட்டபோது, உயிரியல்ரீதியாக நம்பத்தக்கதல்ல என்று விண்ணப்பத்தை ஒதுக்கினார்கள். கடைசியில் மருந்துக் கம்பனியோடு சேர்ந்து ஒரு சிறிய சோதனை. 104 நோயாளிகள், 48 வாரம். முடிவு 2008இல் வெளிவந்தது: மூளையில் புதிதாக அழற்சி கொண்ட புண்கள் 91 சதவீதம் குறைவு.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்குப் பிறகுதான். மருந்து கொடுத்த சில வாரங்களிலேயே அழற்சி அடங்கிவிட்டது. ஆனால் பிறபொருளெதிரியைச் சுரப்பது பி கலத்திலிருந்து உருவாகும் பிளாஸ்மா கலம். அதன் மேற்பரப்பில் இந்த மருந்து பற்றிக்கொள்ளும் சிடி20 புரதம் கிடையாது. இரத்தத்தில் பிறபொருளெதிரி பெரிதாகக் குறையவில்லை, நோய் மட்டும் அடங்கியிருக்கிறது! அதாவது மருந்து பலித்தது, ஆனால் அவர்கள் நினைத்த காரணத்தால் பலிக்கவில்லை. பி கலம் தானே நேரடியாக டி கலத்தை உசுப்பிவிடுகிறது என்பது அங்கிருந்துதான் தெளிவாகத் தொடங்கியது. பதில் பிழையான கதவால் வந்தாலும், ஏன் என்று திரும்பக் கேட்டார்கள் பாருங்கள், நீங்கள் நிர்ப்பீடனவியல் படிப்பதென்றால் அந்தக் கேள்வியைப் படியுங்கள்.

2017இல் அதே வழியில், பி கலத்தை அழிக்கும் ஒக்ரெலிஸுமாப் என்ற மருந்து வந்தது. எம்.எஸ்.ஸுக்கு முன்பிருந்தே கொடுக்கும் இன்டர்ஃபெரோன் ஊசியோடு ஒப்பிட்டால் நோய் திரும்பத் தாக்குவது கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. தொடக்கத்திலிருந்தே மெதுவாக முற்றிக்கொண்டு போகும் வகையில் இலாபம் சிறியது: 732 பேரில் செய்த சோதனையில், மருந்தில்லாதவர்களில் 39.3 சதவீதம் பேருக்கு இயலாமை கூடியது, மருந்து பெற்றவர்களில் 32.9 சதவீதம் பேருக்கு. சிறியதுதான், ஆனால் அதற்கு முன் அந்த வகைக்கு அங்கீகாரம் பெற்ற மருந்து ஒன்றுகூட இருக்கவில்லை. குணமாக்கவில்லையே என்ற உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இதுதான். தாக்குதல்களை இன்று பெரும்பாலும் அடக்கலாம். மூளைக்குள் மெதுவாகப் புகையும் பகுதி இன்னும் அடங்கவில்லை. அந்த வேலை உங்கள் தலைமுறைக்கு மிச்சம் இருக்கிறது.

அந்தப் பரிசை ஹவ்சரோடு பகிர்ந்தவர் ஹார்வர்ட் ஆய்வாளர் அல்பேர்ட்டோ அஸ்கேரியோ. ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்க இராணுவத்தினரின் தரவுகளைப் பார்த்து, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் அபாயம் 32 மடங்கு கூடுகிறது என்று 2022இல் காட்டினார் அவர். அந்த வைரஸ் ஒளிந்து வாழ்வதும் பி கலத்தில்தான். நம் நாட்டைப் போன்ற இடங்களில் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே அது எச்சிலோடு தொற்றி, பெரும்பாலும் தெரியாமலே போய்விடுகிறது. வளர்ந்த பிறகு காய்ச்சலாக வந்தால்தான் ஆபத்து அதிகம். இங்கே நோய் அரிதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், வெயிலும் இருக்கலாம். ஒரே லயக் காம்பிராவில் வளர்ந்த அக்காவுக்கு வந்து தங்கைக்கு வராதது ஏன் என்பதை நம் பிள்ளை ஒருவர் கேட்க வேண்டாமா?

அரிதான இடத்தில் பார்ப்பதால் என்ன பயன் என்பதற்கு ஜப்பான் சாட்சி. கண் நரம்பையும் முண்ணாணையும் (தண்டுவடம்) மட்டும் தாக்கும் ஒரு வகை எம்.எஸ். அங்கே அதிகம் என்று அந்நாட்டு மருத்துவர்கள் கவனித்து வைத்திருந்தார்கள். 2004இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த வாண்டா லெனனின் குழு அந்த நோயாளிகளின் குருதியையும் சோதித்தபோது, பலருக்கு இருந்தது வேறொரு நோய் என்று தெரிந்தது. நியூரோமைலிடிஸ் ஒப்டிகா. எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரோன் அதில் நிலைமையை மோசமாக்கக்கூடும். ஆசியாவில் சிலருக்கே வந்த நோயைக் கூர்ந்து பார்த்தது, உலகம் முழுக்க மருத்துவத்தை மாற்றியது.

இரத்தச்சோகையை இதற்கு எதிரே நிறுத்த வேண்டாம். அதன் காரணங்களும் மருந்தும் பெரும்பாலும் தெரிந்தவை. அங்கே குறைவது உணவும் கூலியும் கவனிப்பும். அதற்காகச் சண்டை போடுகிறவர்கள் போடட்டும், நீங்களும் சேர்ந்து போடுங்கள். அதற்காக ஆய்வுகூடத்தை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

அடுத்த கிளினிக்குக்கு அக்காவோடு நீங்களும் போங்கள். நியூரோமைலிடிஸ் ஒப்டிகாவைப் பிரித்துக் காட்டும் அக்வாபோரின்-4 பிறபொருளெதிரிச் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். ஏற்கனவே செய்திருக்கலாம், கேட்பதில் தப்பில்லை. ரிட்டக்ஸிமாப் பற்றியும் கேளுங்கள். 2023இல் உலக சுகாதார நிறுவனம் எம்.எஸ்.ஸுக்கான அத்தியாவசிய மருந்துகளில் அதையும் சேர்த்தது. விலை குறைந்த நிகரான மருந்துகள் வந்துவிட்டதால் நம்மைப் போன்ற நாடுகளுக்கு அது பெரிய விஷயம். அக்காவுக்குப் பொருந்துமா என்பதை நரம்பியல் வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் படிப்புக்கு ஒன்று. மருத்துவ பீடத்துக்கு இசட் புள்ளி போதாவிட்டால் இடிந்துபோக வேண்டாம். பேராதனை விஞ்ஞான பீடத்தில் மூலக்கூற்று உயிரியல் இருக்கிறது, நிர்ப்பீடனவியலுக்கு அதுவும் நல்ல வாசல். இரசாயனவியலை மட்டும் இப்போதே இறுக்கிப் பிடியுங்கள். பரீட்சை முடிந்ததும் எழுதுங்கள், என்ன வாசிக்கலாம் என்று பேசுவோம்.